பிள்ளைகள் ஐசியூவுக்கு வெளியே காத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு: ஆன்டிபயாட்டிக் பற்றி நான் தெரிந்துகொண்டவை

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. மூன்று வாரத்துக்கு மேல் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள், ஓடுகிறாள், பேசுகிறாள். அந்த நாட்களில் வென்டிலேட்டர் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். ஆனால் அவளுக்குள் போய்க்கொண்டிருந்த ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாக் கிருமியை அடக்கும் மருந்து) பற்றி, அது ஏன் மாறுகிறது, எப்போது நிற்கும், அதற்கும் அடங்காத கிருமி எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் நானாகத் துருவித் துருவிக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். என் கணவர் வெளியூர் வேலையிலிருந்து வந்து சேர்வதற்குள் பாதி முடிவுகள் ஆகிவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி ஒருவர் இல்லாத பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் மணப்பாறைப் பக்கம். மகளுக்குச் சளி, இருமல், காய்ச்சல் என்று வந்ததும் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். அங்கே ஊசி போட்டார்கள். மறுநாளும் வரச் சொல்லி, கையில் ஊசி ஏற்றும் குழாயை அப்படியே விட்டு, இன்னொன்று போட்டார்கள். மாத்திரையைப் பொடித்து ஒரு காகித உறையில் மடித்துக் கொடுத்தார்கள். சீட்டு எதுவும் தரவில்லை. அந்த இரவில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. தம்பி கார் எடுத்தான், திருச்சிக்கு ஓடினோம்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்திருக்காங்கம்மா?" என்பதுதான். ஊசி என்று சொன்னேன். "என்ன ஊசி?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் காலை கிளினிக்குக்குப் போன் போட்டபோது கம்பவுண்டர் "ஆன்டிபயாட்டிக்தான்மா" என்று வைத்துவிட்டார். தம்பி நேரில் போய் நின்ற பிறகுதான் செஃப்ட்ரியாக்சோன் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. ரத்தத்தில் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க, ஒரு புட்டியில் ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்ப்பார்கள். அதுதான் கல்ச்சர். ஆன்டிபயாட்டிக் ஏற்கெனவே உடம்பில் போயிருந்தால், கிருமி இருந்தாலும் புட்டியில் வளராமல் போகலாம். அதனால் 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்தாலும், உண்மையிலேயே இல்லையா, ஊசியால் மறைந்திருக்கிறதா என்று டாக்டரால் அடித்துச் சொல்ல முடியாது. என் மகளுக்கு நடந்தது அதுதான். பெயர் சொல்லாமல் போட்ட இரண்டு ஊசிகள், உள்ளே இருந்த டாக்டர்களின் கையைப் பல நாட்களுக்குக் கட்டிப்போட்டன.

அதனால் முதலில் ஒன்று சொல்கிறேன். எந்த கிளினிக்கில் ஊசி போட்டாலும் பெயரை எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால், காலியான மருந்துக் குப்பியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கொடுத்த சிரப், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். அட்டையின் ஓரத்தில் நெட்டுக்குச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாட்டிக்கை அடையாளம் காட்டுவதற்காகவே 2016இல் மத்திய அரசு அந்தக் கோட்டை மக்களிடம் விளம்பரப்படுத்தியது. செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சிம், மெரோபெனெம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 என்ற தனிப் பட்டியலில் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் அவற்றை யாருக்கு, எந்த டாக்டர் சீட்டில், எவ்வளவு கொடுத்தார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டம் அப்படி இருக்க, காகித உறையில் மடித்த பொடி என்ன என்று எனக்கு இன்று வரை தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அன்றிரவே வென்டிலேட்டரில் போட்டார்கள். ஆன்டிபயாட்டிக்கும் உடனே ஆரம்பித்தார்கள். இதில் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ரத்த அழுத்தம் இறங்கி, கை கால் சில்லிட்டுப்போன குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போக வேண்டும் என்பதுதான் குழந்தைகளின் செப்சிஸுக்காக (தொற்றால் உடம்பின் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அந்த அளவு மோசமாகாத குழந்தைக்கு, மூன்று மணி நேரம் வரை பரிசோதித்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. என் மகள் முதல் வகை. அந்த நேரத்தில் "ஆன்டிபயாட்டிக் வேண்டாமே" என்று யாரும் தடுக்க வேண்டாம், தயங்கவும் வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "மருந்து போடறதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துட்டீங்களா டாக்டர்?" பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். சின்னக் குழந்தைகளிடம் நரம்பு கிடைப்பதே பெரும்பாடு, எடுக்கும் ரத்தமும் குறைவு. ரத்தம் குறைவாக இருந்தால் கிருமி பிடிபடும் வாய்ப்பும் குறையும். இதை எனக்குச் சொன்னது இரவுப் பணியில் இருந்த ஒரு சிஸ்டர். அவருக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன்.

கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகு வருகிறது, இரண்டாம் நாள் முடிந்து மூன்றாம் நாள் தொடங்கும்போது. கல்ச்சரில் கிருமி இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். கிருமி இன்னது என்று தெரிந்தால், பல கிருமிகளை அடிக்கும் பெரிய மருந்தை நிறுத்திவிட்டு அதை மட்டும் அடிக்கும் மருந்துக்கு மாறலாம். எதுவுமே வளரவில்லை, குழந்தையும் தேறுகிறது என்றால் நிறுத்துவது பற்றியே யோசிக்கலாம். என் மகளுக்கு மூக்கிலிருந்து எடுத்த சளியில் இன்ஃபுளுயன்சா வைரஸ் என்று வந்தது. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு மெரோபெனெம் என்ற பெரிய ஆன்டிபயாட்டிக் போய்க்கொண்டிருந்தது. "அப்புறம் ஏன் டாக்டர் மெரோபெனெம்?" என்று கேட்டேன்.

மூத்த டாக்டர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னார். இன்ஃபுளுயன்சா வந்த நுரையீரலில் அதன்மேல் பாக்டீரியா நிமோனியாவும் சேர்ந்து வருவது உண்டு. எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) அதிகம், ஆனால் வைரஸிலும் சில சமயம் அது ஏறும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கல்ச்சரில் ஒன்றும் இல்லை, ஆனால் முன்பே ஊசி போயிருப்பதால் அதை நம்ப முடியவில்லை. "நிறுத்தினா ஏதாவது ஆயிடுமோன்னு எங்களுக்கும் பயம் இருக்கும்மா," என்றார். டாக்டர் ஒருவர் தன் பயத்தை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாசலில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பிக்க ஒரு டாக்டர் போதும். நிறுத்துவதற்குப் பலர் ஒத்துப்போக வேண்டும். பகலில் தலைமை டாக்டர் எழுதியதை இரவு டூட்டி டாக்டர் நிறுத்த மாட்டார். நுரையீரல் நிபுணர் ஒன்று சொல்வார், ஐசியூ டாக்டர் வேறு சொல்வார். எங்கள் விஷயத்தில் சனிக்கிழமை மாலை அனுப்பிய கல்ச்சர் வெளி லேபுக்குப் போனதால் அதன் முதல் தகவல் திங்கள் மதியம்தான் வந்தது, அதுவரை மருந்து ஓடிக்கொண்டே இருந்தது. இது போதாதென்று வெளியே நாங்கள். சொந்தக்காரர்கள் பார்க்க வரும்போதெல்லாம், "இருக்கறதுலேயே பெரிய மருந்தா போடச் சொல்லு, காசப் பாக்காத" என்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர் தன் பையனுக்கு மருந்தைக் குறைத்ததற்கு டாக்டரிடம் சண்டைக்கே போனார். குறைப்பது என்றால் கைவிடுவது என்று அவர் நினைத்துவிட்டார். அந்தப் பையனுக்குக் கல்ச்சரில் கிருமி தெரிந்து, அதற்கென்றே உள்ள மருந்துக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளபடியே அது நல்ல செய்தி. இதை யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

உங்கள் குழந்தைக்கு மருந்தைக் குறைக்கிறோம், மாற்றுகிறோம் என்றால் பதற வேண்டாம். என்ன வளர்ந்தது, அது எந்த மருந்துக்கு அடங்கும், இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேளுங்கள். ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு நேரே 'எஸ்' என்று இருந்தால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், 'ஆர்' என்றால் அடங்காது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் காலை டாக்டர் பேசும்போது மருந்துப் பெயர், ஆரம்பித்த தேதி, காரணம் என்று எழுதினேன். முதல் இரண்டு நாள் கை நடுங்கியது, எழுத்தே புரியாது. ஆனால் தேதியோடு கேட்கும்போது டாக்டர்களும் கொஞ்சம் நின்று பதில் சொல்வதைக் கவனித்தேன். ஒரு நாள் நான் படித்த பட்டியலைக் கேட்ட ஜூனியர் டாக்டர், "வான்கோமைசின் இன்னுமா ஓடுது?" என்று உள்ளே போய்ப் பார்த்தார். மாலைக்குள் அது நின்றது.

இரண்டாவது வாரம் வென்டிலேட்டரைக் குறைக்கத் தொடங்கினார்கள். என்னைப் பார்த்துக் கண் விழித்தாள். நான் கீழே போய்ச் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டேன், பல நாளுக்குப் பிறகு முழுச் சாப்பாடு. அன்று இரவே மறுபடி காய்ச்சல், குளிர் நடுக்கம். பிளேட்லெட் இறங்கியது. கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றப் போட்டிருந்த சென்ட்ரல் லைன் என்ற குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டிலும் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழாக ஆர், ஆர், ஆர். மெரோபெனெமுக்கும் ஆர். படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குக் காது அடைத்தது. வைரஸ் காய்ச்சலோடு வந்த குழந்தை, வந்த இடத்தில் பிடித்த கிருமியால் போய்விடுவாளோ என்ற நினைப்பை என்னால் விலக்கவே முடியவில்லை. அவரிடம்கூடச் சொல்லவில்லை. அத்தையிடம் "காய்ச்சல்தான்" என்று மட்டும் சொன்னேன்.

இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? இது எங்கும் புதிதில்லை. மெரோபெனெம் வகை மருந்தையே உடைத்துப்போடும் என்டிஎம்-1 என்ற நொதி பற்றி 2010இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், சென்னையில் சேகரித்த கிருமிகளும் இருந்தன. உலகம் முழுக்க 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர், அவர்களில் ஐந்தில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை என்று 2022இல் வெளியான கணக்கு சொல்கிறது. குடலில் எத்தனையோ பாக்டீரியா நமக்குத் தொந்தரவு இல்லாமல் வாழ்கின்றன. பெரிய ஆன்டிபயாட்டிக் அவற்றையும் சேர்த்து அழிக்கிறது. களைக்கொல்லி அடித்த வயலில் மற்றதெல்லாம் கருகிக் கோரை மட்டும் தழைப்பது போல, மருந்துக்குச் சாகாத ஒன்றிரண்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு கழுத்து லைன், மூச்சுக் குழாய், சிறுநீர்க் குழாய் என்று உடம்புக்குள் போக வழியும் இருக்கிறது. ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்குப் பெரும்பாலும் கைகள்தான் கொண்டுபோகின்றன. இரவில் ஒரே சிஸ்டர் இரண்டு மூன்று குழந்தைகளைப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். ஒரு மானிட்டர் கத்தும்போது ஓடுகிறவர் கை கழுவ நின்றால் அதற்கும் திட்டு விழும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை குழந்தைக்கு அத்தனை பேரை மட்டும் போட்டவர்கள்மேல் இருக்கிறது.

லைனை அன்றே எடுத்துவிட்டார்கள். கொலிஸ்டின் ஆரம்பித்தார்கள். அது 1950களிலேயே புழக்கத்துக்கு வந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல காலம் ஒதுக்கி வைத்திருந்ததை, வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள் வந்த பிறகு மீண்டும் எடுத்திருக்கிறார்கள். கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்கு இதைக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது, மனிதருக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது: முதலில் கொடுக்கக்கூடியவை, கவனத்தோடு கொடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. கொலிஸ்டின் மூன்றாவது வகை. செஃப்ட்ரியாக்சோனும் மெரோபெனெமும் இரண்டாவது வகை. எங்கள் ஊர் கிளினிக்கில் சளிக்காய்ச்சலுக்குப் போட்ட ஊசி, கவனத்தோடு கொடுக்க வேண்டிய பட்டியலில் இருப்பது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைத் தினமும் ரத்தத்தில் பார்த்தார்கள். ஏறியது, அளவைக் குறைத்தார்கள், மெல்ல இறங்கியது. காய்ச்சல் விட்டது. நான் அழுததை அப்போதுதான் அவர் முதன்முதலாகப் பார்த்தார்.

அந்த நாட்களில் இன்னொரு கேள்வியையும் பழகிக்கொண்டேன்: "இந்த லைன் இன்னைக்கும் வேணுமா டாக்டர்? யூரின் ட்யூபை எடுக்கலாமா?" ஒரு குழாய் குறைந்தால் கிருமிக்கு ஒரு வழி குறைகிறது. மறந்துபோய் ஒரு நாள் கூடுதலாக இருப்பது பரபரப்பான வார்டில் நடக்கிற விஷயம். கை விஷயத்தில் நான் சிஸ்டர்களிடம் அதட்டிக் கேட்கவில்லை. நான் உள்ளே போகும்போது அவர்கள் பார்க்க நன்றாகக் கையைச் சுத்தம் செய்துகொண்டு, "நான் போட்டுக்கிட்டேன் சிஸ்டர், உங்களுக்கும் ஊத்தவா?" என்று சானிடைசரை நீட்டுவேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அத்தைக்கும் மாமாவுக்கும் கடுமையாகவே சொன்னேன்: வளையல், மோதிரம் கழற்றி, முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். விபூதி பூச வேண்டும் என்றார்கள். நெற்றியில் மட்டும், லைன் இருக்கும் பக்கம் கையே போகக் கூடாது என்றேன்.

பணம். மொத்தம் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. அவர் கம்பெனி காப்பீடு மூன்று லட்சம், அதிலும் கையுறை, கவுன், சிரிஞ்சு போன்றவற்றுக்குப் பெருமளவு கழித்துவிட்டார்கள். மீதிக்கு நகைக்கடன், சீட்டு, தம்பியின் சேமிப்பு. பில்லைப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி, இரண்டாவது தொற்றுக்குப் பிறகு ஏறியது. எனக்குப் பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு. மருந்துக்கடை பில்லைத் தினமும் வாங்கிப் பாருங்கள். மருந்து மாறும்போது பிரிக்காத குப்பிகள் மிஞ்சும், அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் பணம் கழிப்பார்கள், கேட்டால்தான் செய்வார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமாக இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரியும் அந்தச் சிகிச்சையும் வருமா என்று சேர்த்த அன்றே கவுன்டரில் கேளுங்கள். பிறகு கேட்டால் தாமதமாகிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சை உண்டு என்பதை, பயத்தில் ஓடுகிற நேரத்தில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வேலைகள் இருந்தன. முதல் வாரத்தில் அமிக்காசின் என்ற மருந்தும் போயிருந்தது. அது சிலருக்குக் காது கேட்பதைப் பாதிக்கும். டிஸ்சார்ஜில் யாரும் சொல்லவில்லை, என் நோட்டைப் பார்த்து எங்கள் குழந்தை டாக்டர்தான் காது பரிசோதனைக்கு அனுப்பினார். காது நன்றாக இருக்கிறது. சிறுநீரகத்துக்கும் ரத்தம் பார்த்தோம். நிமோனியாவுக்குக் காரணமான ஒரு பாக்டீரியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம், இன்ஃபுளுயன்சா ஊசிக்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும், இப்போது ஆண்டுதோறும் போடுகிறோம். சமீபத்தில் மீண்டும் சளிக்காய்ச்சல் வந்தது. டாக்டர் நெஞ்சை நிதானமாகக் கேட்டுவிட்டு, "வைரஸ் மாதிரிதான் இருக்கு, பாராசிட்டமால் போதும்" என்றார். மூச்சு வேகமானால், நெஞ்சு உள்ளே இழுத்தால், குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், எழுப்ப முடியாமல் துவண்டால் எந்த நேரமானாலும் கூட்டி வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பயத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன், ஆனால் ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு காகித விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'செப்சிஸ், ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். எந்தக் கிருமி, எதற்கு அடங்கும், எதற்கு அடங்காது என்ற விவரம் இல்லை. அப்படிப்பட்ட கிருமி குடலில் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம், அடுத்த முறை எங்காவது சேர்க்க நேர்ந்தால் அங்கே முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. எழுத்துமூலம் கடிதம் கொடுத்தேன், கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலும் கிடைத்தது. ஒன்று அவளுடைய தடுப்பூசி அட்டையோடு இருக்கிறது, ஒன்று தம்பி போனில் படமாக இருக்கிறது.